மீதி மூன்று நகங்கள்

சல்லடையின் வீட்டில் தினமும் மாலை நான்கு மணிக்குத் தேநீர் குடிப்பதும் ஒரு மனிதனைக் கரித்துக் கொட்டுவதும் ஒன்றாகவே நடக்கும். தேநீர் மாமியார் போடுவார். கரித்துக் கொட்டுவதை மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்வார்கள். மூன்று வருடம் நான்கு மாதமாக இது ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் விழுந்த வாரத்தில்கூட மாமியார் படுத்தபடியே தன் பங்கை முடித்துவிட்டுத்தான் மாத்திரை போட்டுக்கொண்டார். திரைச்சீலையின் நிறம் முதல் உப்பின் அளவு வரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பெண்களை அந்த மனிதன் ஒருவன்தான் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தான். அந்த வகையில் வீட்டுக்காரர் அவனுக்குக் கடமைப்பட்டவர். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவர் துணிச்சல்காரர் அல்ல.

சல்லடை என்பது அவள் வேலை பார்க்கும் இடத்தில் வைத்த பெயர். அடுத்தவரின் இணையக் கணக்குக்குள் புகுந்து அவர் பெயரில் பொருள் வாங்குகிறவர்கள், அவர் போலப் பேசி அவர் மாமாவிடமே கைநீட்டுகிறவர்கள், இப்படிப்பட்ட உத்தமர்களைச் சலித்தெடுக்கும் மென்பொருளை எழுதுவது அவள் தொழில். வயது நாற்பத்தொன்று. அலுவலகம் என்பது வீட்டின் மூன்றாவது அறை. ஒரு மேசை, இரண்டு திரைகள், கேமராவின் கண்ணுக்குத் தப்பும் கோணத்தில் இஸ்திரி போடாத துணிக் குவியல், சக்கரம் கழன்ற இடத்தில் மரக்கட்டை வைத்த நாற்காலி. உலகின் பெரிய திருடர்கள் பலர் இந்த நாற்காலியிலிருந்துதான் பிடிபட்டார்கள். அது அவர்களுக்குத் தெரிந்தால் வெட்கப்படுவார்கள்.

அவளிடமிருந்து திருடியவன் மட்டும் பிடிபடவில்லை.

அவனுக்குக் குழு வைத்திருந்த பெயர் தம்பட்டம். முன்பு இருந்த கம்பெனியில் அவன்தான் அவளுக்குக் குழுத் தலைவன். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வேலை. கூட்டங்களில் கேமராவை அணைத்து வைக்க வேண்டும் என்பது அவன் சட்டம். முகங்களைப் பார்த்தால் தன் சிந்தனை தடைபடுகிறது என்று காரணம் சொன்னான். ஆனால் மைக்கை அவன் ஒருநாளும் அணைத்ததில்லை. மைக்கை அணைப்பது கீழே இருப்பவர்களின் வேலை என்பது அவன் எண்ணம். அதனால் அவன் கொட்டாவி, ஏப்பம், பக்கத்து அறையில் யாரையோ அதட்டுவது எல்லாம் குழுவுக்கு மனப்பாடம். அவனுக்கோ குழுவில் ஒருவர் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. பெண்கள் எல்லோரும் 'என்னம்மா', ஆண்கள் எல்லோரும் 'தம்பி'. அவனைவிட ஆறு வயது மூத்தவரும் தம்பிதான்.

அவன் திருடிய பொருள் ஒரு படிக்கட்டு.

சல்லடை வளர்ந்தது நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில். மேலே பதினொரு குடும்பங்கள். யார் ஏறுகிறார்கள் என்பதை அவள் எட்டிப் பார்க்காமலே சொல்லுவாள். கம்பவுண்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார். தையற்காரரின் மனைவி ஒவ்வொரு படியிலும் செருப்பை இழுப்பாள். ஒருநாள் பட்டப்பகலில் கம்பவுண்டரின் சாவியோடு ஒருவன் மேலே போய்க் கதவைத் திறந்தான். சாவி சத்தம் கேட்டு யாரும் சந்தேகப்படவில்லை. எட்டு வயதுச் சல்லடைதான், "அது கம்பவுண்டர் மாமா இல்லம்மா, அவரு இப்படி ஏற மாட்டாரு" என்றாள். ஆள் மொட்டை மாடியில் அகப்பட்டான்.

முப்பது வருடம் கழித்து அதையே அவள் மென்பொருளில் எழுதினாள். திருடன் கையில் உங்கள் கடவுச்சொல் இருக்கலாம், ஆனால் நீங்கள் அதைத் தட்டும் நடை அவனுக்கு வராது. எந்த எழுத்துக்குப் பின் விரல் தயங்குகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே அழித்துத் திருத்துகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அந்த நடையைப் பார்த்தே புகுந்தவனைப் பிடிக்கலாம். அதற்குப் 'படிக்கட்டு' என்று பெயர் வைத்து, அடக்கமாகத் தலைவனிடம் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்து தம்பட்டம் ஒரு பெரிய மேடையில் ஏறி, தான் படிக்கட்டைக் கண்டுபிடித்த கதையை நாற்பது நிமிடம் சொன்னான். கோப்புகளின் தலையில் அவன் பெயர் ஏறியிருந்தது. அவள் அழைத்துக் கேட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது.

அழைப்பு நான்கு நிமிடம் நீடித்தது. கம்பெனி மறுசீரமைப்பு செய்கிறது, அவளுடைய இடம் இனி இல்லை என்று சொல்லிக்கொண்டே போனான். பின்னணியில் 'டிக்' என்றது. சிறிது நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. வேலை போகிற செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"பர்சனலா எடுத்துக்காதீங்கம்மா" என்று முடித்தான். டிக்.

மொத்தம் ஏழு. அவள் எண்ணியிருந்தாள். ஏழு நகத்தில் அவளுடைய வேலை முடிந்துவிட்டது, பத்து நகத்துக்குக்கூட அவள் பெறவில்லை. மீதி மூன்றை நிம்மதியாக அழைப்பை வைத்துவிட்டு வெட்டியிருப்பான். படிக்கட்டைத் திருடியதையாவது என்றைக்காவது மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்த மூன்று நகத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது இருக்கும் கம்பெனியில் குழுத் தலைவர் போன மாதம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் தேடினார்கள். வீட்டிலிருந்தபடியே வேலை, இணைய மோசடித் தடுப்பில் அனுபவம், நேர்மை, நெருக்கடியிலும் கலையாத புன்னகை என்று விளம்பரம் கேட்டது. சல்லடைக்கு முதல் மூன்றும் இருந்தன. ஆனால் வெளியாள்தான் வேண்டும் என்று இயக்குநர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டதால் அவள் மனுப் போடவில்லை. இயக்குநர் கெட்டவர் அல்ல. எட்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசும் எவரையும் நம்பிவிடுவார் என்பது மட்டுமே அவர் குறை.

இருநூற்றுச் சொச்சம் மனுக்கள் வந்தன. அதில் ஒன்றில் தம்பட்டத்தின் படம் சிரித்தது.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். முதல் சுற்றை அவரே பேசி முடித்துவிட்டாராம், ஆள் பிரமாதமாம். "படிக்கட்டு கண்டுபிடிச்சவரே நமக்கு வர்றாரு, பாருங்களேன்" என்றார். படிக்கட்டு தன்னுடையது என்று அவள் இந்தக் கம்பெனியில் சேரும்போதே சொல்லியிருந்தாள். அப்போது அவர் தலையாட்டினார், எல்லாரும் ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள் என்கிற தலையாட்டு. இப்போது அதுவும் அவருக்கு நினைவில்லை.

"எனக்கு அவரைத் தெரியும் சார். ஒரே கம்பெனில இருந்தோம். பிரியும்போது சுமுகமா பிரியல" என்றாள் சல்லடை, நேர்மை கருதி.

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்களே செய்முறைத் தேர்வை வெச்சிடுங்க. கண்ணுல விரலை விட்டு ஆட்டுங்க. தேறிட்டா திங்கக்கிழமையிலேர்ந்து அவருதான் உங்களுக்குத் தலைவர்."

அன்று நான்கு மணித் தேநீர் ஆறிப்போனது. மறுபடியும் அவனுக்குக் கீழே! மறுபடியும் அந்த ஏப்பம், அந்த 'என்னம்மா'! மாமியார் உடனடியாகத் திட்டங்களை வழங்கத் தொடங்கினார். அவருடைய முதல் திட்டம் தேர்வின் நடுவே இணைய இணைப்பைப் பிடுங்குவது, இரண்டாவது அவனை மூன்று மணி நேரம் காக்க வைப்பது, மூன்றாவதை இங்கே எழுத முடியாது.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? மார்க் போடறது உன் கையில. பூஜ்யம் போடு" என்றார் கடைசியில்.

சல்லடைக்குக் கை நமநமவென்றுதான் இருந்தது. மதிப்பெண் தாளைத் திறந்து, பத்துக்கு இரண்டு என்று போட்டு, அழகு பார்த்து, அழித்தாள். வீட்டுக்காரர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த காரிலேயே வாழ்க்கையைக் கழித்ததால் வீட்டிலும் அவர் கால் அந்தப் பக்கம்தான் இருக்கும். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"பொய் மார்க் போட்டா அவன் தப்பிச்சிடுவான். 'வேணும்னே கவுத்துட்டாங்க'ன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவான். டெஸ்ட்டுல தோக்கற ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்றான். கம்பத்துல அவனே போய் இடிக்கணும்."

"அவன் இடிக்கலைன்னா?" என்றாள்.

வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். குளிக்கப் போய்விட்டார்.

நியாயத்துக்காக அல்ல, அவன் தோற்கும்போது சாக்குச் சொல்ல ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது என்பதற்காகவே அவள் நியாயமாக நடந்துகொள்ள முடிவு செய்தாள். வஞ்சம் சில நேரம் மனிதர்களை இந்த அளவுக்கு நல்லவர்களாக்கிவிடுகிறது.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு. கதவுக்கு வெளியே மாமியார் துணி மடிக்க உட்கார்ந்தார். அந்த வீட்டில் துணி மடிக்க அதைவிட வசதியற்ற இடம் கிடையாது.

திரையில் தம்பட்டம் வந்தான். சற்றுப் பூசினாற்போல் இருந்தான். பின்னால் புத்தக அலமாரி, அதில் பிரிக்காத உறையோடு புத்தகங்கள். கேமராவை அணைத்தே வாழ்ந்த காலத்தில் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் மட்டும் புருவத்தைச் சுருக்கினான்.

"நாம எங்கயாவது சந்திச்சிருக்கோமா?"

"வழியில பாத்திருப்பீங்க சார்" என்றாள். தேர்வுகள் எல்லாம் பதிவு செய்யப்படும் என்று விதிப்படி சொல்லி, பதிவை ஓடவிட்டாள்.

படிக்கட்டுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைக் கேட்டாள். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மலையேற்றம் தன் பொழுதுபோக்கு என்றும், ஒரு சிகரத்தின் பாதி வழியில், வெட்டிய படிகளில் நின்றிருந்தபோது அந்த எண்ணம் தன்னைத் தாக்கியது என்றும் சொன்னான். இரண்டு மாடி ஏறிவிட்டுக் கூட்டத்துக்கு வந்தால் பத்து நிமிடம் மைக்கில் மூச்சு வாங்குகிறவன் இவன். கதவுக்கு வெளியே ஒரு துணி சற்று ஓங்கி உதறப்பட்டது.

பிறகு செய்முறை. ஒரு திருட்டுச் சம்பவத்தைக் கொடுத்து, அதைத் தடுக்கும் நிரலை இருவரும் பார்க்கும் ஒரு பொதுப் பக்கத்தில் தட்டச் சொன்னாள். அந்தப் பக்கத்துக்கான இணைப்பு காலையிலேயே அவனுக்குப் போயிருந்தது. அவன் முதலில் 'வணக்கம்' என்று தட்டினான். இரண்டு விரல் நடை, ஓடி நின்று, தப்பாகி, மறுபடி ஓடும் நடை. அது அவனுடையதுதான். உடனே இணைப்பு சரியில்லை, கேமராவை அணைத்துக்கொள்கிறேன் என்றான். அவள் சரி என்றாள்.

திரை கறுத்தது. பக்கத்தில் எழுத்துகள் வரத் தொடங்கின.

சல்லடை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வரிக்கு வரி சுத்தம். அவள் ஒளித்து வைத்த இரண்டு பொறிகளையும் விளிம்பிலேயே கண்டுகொண்டு விலகி நடந்தது அந்த நிரல். அவளே எழுதினாலும் இதைவிடச் சிறப்பாக எழுத முடியாது. மூன்று வருடத்தில் ஆள் கற்றுக்கொண்டு விட்டான். நியாயமாக மதிப்பெண் போட்டால் பத்துக்கு ஒன்பதரை. திங்கட்கிழமை கண்முன்னே வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவள் எழுத்துகளை விட்டுவிட்டு, அவை வரும் நடையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு வரியும் முடிந்ததும் கடைசி எழுத்து அழிந்தது. அதே எழுத்து மறுபடியும் வந்தது. அடுத்த வரி. மறுபடி கடைசி எழுத்து அழிந்தது, வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறவர் போல.

உலகத்தில் அப்படித் தட்டுகிறவர் ஒருவர்தான். பழைய குழுவில் இருந்தவர். அந்தப் பழக்கத்தாலேயே அவருக்குப் பூட்டு என்று பெயர். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர். தம்பட்டம் 'தம்பி' என்று கூப்பிட்ட அந்த மூத்தவர் அவர்தான். காலையில் போன இணைப்பு வழியே, தன் வீட்டிலிருந்தபடி, இப்போது இந்தப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருப்பது அவர், சாவி மட்டும் தம்பட்டத்துடையது.

ஆனால் நடையைக் காட்டி இயக்குநரை நம்பவைக்க முடியுமா? அவருக்குத் தெரிந்தவரை, அந்தக் கலையைக் கண்டுபிடித்தவனே இவன்தான். சல்லடை பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

டிக்.

அவள் நிமிர்ந்தாள். சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கேமரா அணைந்திருந்தது. மைக், அவன் கொள்கைப்படி, அணையவில்லை. பக்கத்தில் எழுத்துகள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன.

டிக்.

நகம் வெட்ட இரண்டு கை வேண்டும். தட்டவும் இரண்டு கை வேண்டும். நான்கு கைகளோடு ஒரு விண்ணப்பதாரரை அந்தக் கம்பெனி அதுவரை கண்டதில்லை.

டிக்.

மூன்று. எட்டு, ஒன்பது, பத்து என்று அவள் உதடு அசைந்தது. கதவுக்கு வெளியே துணி மடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

இயக்குநரைக் கூப்பிட அவசரமில்லை, பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. சல்லடை சாவகாசமாக நாற்காலியை முன்னால் இழுத்து, பொதுப் பக்கத்தில், நிரலுக்குக் கீழே தட்டினாள்: 'பூட்டண்ணே, பூட்டை இழுத்துப் பாத்தீங்களா?'

எழுத்துகள் நின்றன. பக்கத்தில் அடுத்த எழுத்துக்கான கோடு மட்டும் துடித்தது. பிறகு மெதுவாக: 'தங்கச்சியா'. கடைசி எழுத்து அழிந்தது. வந்தது.

'நான்தான். அவருக்காக எழுதறீங்களா?'

'இன்னும் அவருக்குக் கீழதான் இருக்கேன். பேசற இன்டர்வியூ எதுவும் எனக்கு வரல. பத்தொன்பது போனேன். இந்தப் படிக்கட்டும் உன்னோடதுன்னு தெரிஞ்சும் எழுதினேன். தப்புதான்.' அந்த வரியின் கடைசி எழுத்தை அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

'கையை எடுத்துடுங்க அண்ணே. இதுக்கு மேல உங்க இஷ்டம்' என்று தட்டினாள்.

அவர் கையை எடுத்தார். அதன் பின் அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஒலிபெருக்கியில் யாரோ விரல் நுனிகளை ஊதிக்கொண்டார்கள்.

"சார்" என்றாள் சல்லடை, தேன் ஒழுக.

"சொல்லுங்கம்மா. முடிஞ்சிடுச்சா?"

தான் எழுதியது முடிந்துவிட்டதா என்று தேர்வாளரிடமே கேட்டவனை அவளும் அன்றுதான் பார்த்தாள். முடிந்துவிட்டது, அருமையாக இருக்கிறது, கடைசி ஐந்து வரியை மட்டும் வாசித்து விளக்கினால் போதும் என்றாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டான்.

"இங்க நான் என்ன செஞ்சிருக்கேன்னா, ரொம்ப எளிமையா... 'பூட்டண்ணே, பூட்டை இழுத்து...'"

குரல் நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது.

"இது என்ன இது?"

"உங்க நிரல்தான் சார். நீங்கதானே எழுதினீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது. மீதி வரிகளை மனத்துக்குள் வாசிக்கிறான் என்பது அந்த மூச்சிலேயே தெரிந்தது. பிறகு, "நீ... நீங்க அந்த..." என்று தொடங்கினான். பெயர் வரவில்லை. தெரிந்திருந்தால்தானே வரும்.

"ஏழு நகம் வெட்டினவரைக்கும் லைன்ல இருந்தேன் சார். மீதி மூணையும் இன்னைக்குக் கேட்டுட்டேன். பதிவுல இருக்கு, எங்க இயக்குநரும் கேப்பாரு" என்றாள். இந்த இடத்துக்காக மூன்று வருடமாக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. "உங்களுக்கு இங்க இடம் இல்ல. பர்சனலா எடுத்துக்காதீங்க."

இணைப்பு சரியில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு அவன் மறைந்தான். அன்று அவன் சொன்னவற்றில் கடைசிப் பொய் அது. சல்லடை மதிப்பெண் தாளைத் திறந்து, நிரலுக்கு ஒன்பதரை, எழுதியவர் விண்ணப்பதாரர் அல்ல என்று பிசிறில்லாமல் எழுதிக் கையெழுத்திட்டாள்.

இயக்குநர் பதிவை இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை அந்த மூன்று டிக்குக்காக மட்டும். சிகரத்தின் பாதி வழியில் தோன்றிய எண்ணத்தைத் தான் முழுசாக நம்பியதை நினைத்து அவர் காது சிவந்தது. கம்பவுண்டர் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், இந்த முறை தலையை ஆட்டாமல். அன்று மாலையே பூட்டிடமிருந்து, யாரும் கேட்காமலே, ஒரு கடிதம் வந்தது, நடந்தது அத்தனையும் எழுதி, மன்னிப்பும் கேட்டு, படிக்கட்டு யாருடையது என்பதையும் சொல்லி. ஏமாற்றத் துணைபோனவரை மோசடித் தடுப்புக்கு எடுப்பதா என்று இயக்குநர் ஒரு வாரம் குழம்பினார். பிறகு, மூன்று மாதம் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டார். பேச வைக்காமல், எழுத வைத்து அந்தக் கம்பெனி நடத்திய முதல் தேர்வு அவருக்கு வைத்ததுதான். குழுத் தலைவர் வேலையைச் சல்லடைக்குக் கொடுத்தார், தற்காலிகமாக. அலுவலகங்களில் தற்காலிகம் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவள் போட்ட முதல் விதி, பேசாதவர்கள் மைக்கை அணைத்து வைக்க வேண்டும் என்பது. தலைவர் உட்பட.

ஆனால் அதெல்லாம் பிறகு. வியாழக்கிழமை நான்கு மணிக்கு அறைக் கதவைத் திறந்தபோது மாமியார் தேநீரோடு தயாராக இருந்தார். முகத்தில் மட்டும் திருப்தி இல்லை.

"அவ்வளவுதானா? நீ திட்டவே இல்லையேம்மா. மூணு வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததுல ஒரு வார்த்தைகூட எடுக்கல."

"தேவைப்படல அத்தை. இனிமே விட்டுடலாம்."

மாமியார் தேநீரை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீ வேணா விட்டுடு. எனக்குப் பழகிடுச்சு" என்றார். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.